பஞ்சாய் அமுங்கிய பிரேக்

போர்ட் பிளேயரிலேயே ரேஸ் பைக் வைத்திருக்கும் ஒரே ஆள் என் சித்தப்பாதான் என்று பள்ளிக்கூடத்தில் நான் தம்பட்டம் அடித்துக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. உண்மையா பொய்யா என்று எனக்கே தெரியாது. யாரும் மறுத்துப் பேசவில்லை, அதனால் அது உண்மையாகிவிட்டது. அந்த வண்டியை ஓட்ட எங்கள் தீவில் இடமே கிடையாது என்பதை மட்டும் நான் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. அதற்கு முன்விளக்கு இல்லை, ஹாரன் இல்லை, நம்பர் பிளேட் இல்லை. ரோட்டில் இறக்கினால் முதல் வளைவிலேயே போலீஸ் நிறுத்திவிடும். ரேஸ் டிராக் கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டில், சென்னைக்கு வெளியே இருந்தது. வண்டி கடலுக்கு இந்தப் பக்கம், டெலானிபூரில், எங்கள் அரசாங்கக் குவார்ட்டர்ஸின் மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது.

"டிராக் இருக்குற ஊர்ல வண்டி இல்ல, வண்டி இருக்குற ஊர்ல டிராக் இல்ல. என் தம்பிக்கு வாய்ச்ச புத்தி அப்படி" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் ஸ்டோர் கீப்பர். பரமக்குடிப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்துத் தீவுக்கு வந்தவர். பிறகு தன் தம்பியையும் வரவழைத்து ஒரு காண்ட்ராக்டரிடம் சேர்த்துவிட்டார். சித்தப்பா பகலெல்லாம் கட்டடம் கட்டுகிற இடத்தில் நின்று மேஸ்திரிகளோடு இந்தியில் மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் வந்து குளித்து, அந்தத் தார்ப்பாயை விலக்கி வண்டியைத் துடைப்பார். ஓடாத வண்டியில் என்ன தூசி இருக்கும்? ஆனாலும் துடைப்பார். சென்னையில் அவருடைய நண்பர் ஒருவரின் அறையில்தான் வண்டி முன்பு இருந்தது. அவர் கல்யாணம் செய்துகொண்டதும் புதுப்பெண் முதல் வேலையாக வண்டியை வெளியே தள்ளிவிட்டாள். வேறு போக்கிடம் இல்லாமல் அது கப்பலேறித் தீவுக்கு வந்து சேர்ந்தது. அதைக் கிரேனில் இறக்கியபோது ஹாடோ துறைமுகத்தில் கூலிக்காரர்கள் கூடி நின்று சிரித்தார்களாம். அப்பா அவமானத்தில் கார் நிறுத்துமிடத்தைவிட்டுக் கப்பல் பக்கம் வரவே இல்லையாம்.

அதுவரை சித்தப்பா இரண்டு முறை மெயின்லேண்ட் போய் ஓட்டியிருந்தார். பரிசு ஒன்றும் இல்லை. ஆனால் யாரோ கவனித்திருக்கிறார்கள். நான் ஆறாம் வகுப்பு முடித்த அந்த வருடம் ஒரு ரேஸ் குழுவிலிருந்து போன் வந்தது. சீசனின் முதல் போட்டிக்குச் சொந்த வண்டியில் வந்து ஓட்டிக் காட்டு, எங்களுக்குப் பிடித்திருந்தால் அடுத்த போட்டியிலிருந்து எங்கள் வண்டியை ஓட்டலாம் என்றார்கள். சித்தப்பாவுக்கு அப்போது முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதுக்கு மேல் அந்தத் தொழிலில் புதிதாக யாரையும் கூப்பிட மாட்டார்கள் என்று அவரே அம்மாவிடம் சொன்னார். சொல்லிவிட்டு, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். என் நினைவில் அவர் தட்டைக் கழுவியது அந்த ஒரு தடவைதான்.

கப்பலில் அவருக்கு அடுக்குப் படுக்கையில் ஒரு பங்க் டிக்கெட்டும் வண்டிக்கு இடமும் சொல்லியாயிற்று. அதை விட்டால் அடுத்த கப்பல் போட்டி முடிந்த பிறகுதான். ஆள் வேண்டுமானால் விமானத்தில் பறக்கலாம், வண்டி பறக்காது.

இந்த நேரம் பார்த்துத்தான் முன் பிரேக் காலை வாரியது.

வண்டி பத்திரமாக இருக்க வேண்டுமே என்று சித்தப்பா முன்பிரேக்கைக் கழற்றி, மெயின்லேண்டிலிருந்து வரவழைத்த புது ரப்பர் வளையங்களைப் போட்டு, திரும்ப மாட்டியிருந்தார். மாட்டிய பிறகு லீவரைப் பிடித்தால் அது கல் மாதிரி நிற்க வேண்டும். நிற்கவில்லை. இட்லியை அமுக்குகிற மாதிரி அமுங்கி, கைப்பிடி வரைக்கும் வந்தது. குழாய்க்குள் எண்ணெய் மட்டும்தான் இருக்க வேண்டுமாம். ஒரு பொட்டுக் காற்று புகுந்துவிட்டால் கையின் விசையெல்லாம் அந்தக் காற்றை நசுக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்குச் சேராது. எனக்கு இதை அவர் விளக்கியது வேறு மாதிரி.

"அப்பாட்ட ஒரு சேதி சொல்லுன்னு அனுப்புனா, நீ வழியில நின்னு பராக்குப் பாத்துட்டு மறந்துருவேல்ல? அந்த மாதிரிதான் இதுவும்" என்றார்.

கோடை விடுமுறை முடியவில்லை, மழை மட்டும் ஆரம்பித்துவிட்டது. நான் வண்டிமேல் ஏறி உட்கார்ந்து லீவரைப் பிடிக்க வேண்டியது. சித்தப்பா கீழே சக்கரத்தருகில் குந்தியிருப்பார். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றுகிற குழாய் ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்து, பிரேக்கின் சின்ன திருகில் மாட்டி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டிருந்தார். 'பிடி' என்பார். பிடிப்பேன். அவர் திருகைத் தளர்த்துவார். எண்ணெயோடு ஒரு குமிழி குழாயில் ஓடும். திருகை இறுக்கிவிட்டு 'விடு' என்பார். விடுவேன். பிடி, விடு, பிடி, விடு. என் உள்ளங்கை சிவந்து வீங்கியதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஏறிக்கொண்டாள். நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு அம்மா ரேஸ் வண்டிமேல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மாடி வீட்டு வங்காளி மாமி, படியில் நின்றே கேட்டாள், அண்ணி எந்த ஊருக்குப் புறப்பட்டாச்சு என்று. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்த வண்டியின் அருகே நாங்கள் சிரித்தது அன்றுதான், பிறகு பல நாள் இல்லை.

ஏனென்றால் குமிழிகள் நிற்கவில்லை. காலையில் எல்லாம் தீர்ந்து லீவர் கொஞ்சம் இறுகிய மாதிரி இருக்கும். சித்தப்பா முகத்தில் ரத்தம் ஓடும். மத்தியானம் வந்து தொட்டால் மறுபடி பஞ்சு. எங்கிருந்து காற்று வருகிறது? உலகத்தில் உள்ள காற்றெல்லாம் இந்த வங்கக்கடலைத் தாண்டி எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் வந்து சேருமோ? ஒவ்வொரு தடவையும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டே இருந்தது. வெளியே வந்த எண்ணெயைத் திரும்ப ஊற்றக்கூடாதாம். அவர் வைத்திருந்த பாட்டில் தீர்ந்தது. அபர்டீன் பஜாரில் இருந்த இரண்டு பாட்டில்களை வாங்கிவந்தார், அவையும் தீர்ந்தன. மூன்றாவதுக்குப் போனபோது கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

கடல் மோசமாக இருந்தது. சரக்குக் கப்பல் சென்னையைவிட்டே கிளம்பவில்லை. பஜாரில் வெங்காயமே இல்லாதபோது பிரேக் ஆயிலுக்கு எங்கே போவது? நானும் சித்தப்பாவோடு ஸ்கூட்டரில் ஜங்கிளிகாட், ப்ரோத்ராப்பூர் என்று கடை கடையாக நனைந்துகொண்டே போனேன். எல்லாக் கடையிலும் ஒரே பதில்தான்.

"ஜஹாஜ் ஆனே தோ, பாய்." கப்பல் வரட்டும் தம்பி.

எங்கள் தீவில் எதற்கும் சொல்லுகிற பதில் அது. மருந்துக்கும் அதுதான், கேஸ் சிலிண்டருக்கும் அதுதான். பழகியவர்கள் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். சித்தப்பாவுக்கும் பழக்கம்தான். ஆனால் கடைசிக் கடையில் அவர் தலையாட்டவில்லை. கடை வாசலில் மழைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் ஸ்கூட்டரை எடுத்தார். வீடு வரைக்கும் நான் அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை. கூடத்தில் பாயைப் போட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். தார்ப்பாயைக்கூட விலக்கிப் பார்க்கவில்லை. காண்ட்ராக்டரிடமிருந்து போன் வந்தால் அணைத்து வைத்தார். மாடித் தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்துக்கு மேலே அம்மா கத்திக் கத்திச் சாப்பிடக் கூப்பிடுவாள். ஒரு நாள் தட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவளும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு விதிச்சது இவ்வளவுதான் மதினி" என்றார் சுவரைப் பார்த்தபடியே. "நான் அங்க பொறந்தும் இங்க வந்து கெடக்கேன். இனிமே எவன் கூப்பிடுவான்? சிமிட்டி மூட்டைதான் கடைசி வரைக்கும்."

அம்மா தட்டை இன்னும் கொஞ்சம் நகர்த்திவைத்தாள். சாம்பார் ஆறிப்போகுது தம்பி என்றாள். வெங்காயம் போடாத சாம்பார் அது. அதைக் கேட்டுச் சித்தப்பா அழுதார். பெரிய ஆண்பிள்ளை ஒருவர் அழுவதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். எனக்குக் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

அப்பா இதையெல்லாம் பார்த்தும் பார்க்காத மாதிரிதான் இருந்தார். அந்த வண்டி வந்ததிலிருந்து அதை அவர் விரலால் தொட்டதில்லை. தம்பி கல்யாணம் காட்சி என்று இல்லாமல் கெட்டுப்போனதற்கே அதுதான் காரணம் என்பது அவர் கட்சி. வண்டி போய்ச் சேராமல் கப்பல் புறப்பட்டால் ஒழிந்தது சனியன் என்று அவர் சந்தோஷப்படுவார் என்றே நான் நினைத்திருந்தேன்.

சித்தப்பா அழுததற்கு மறுநாள் காலை, சாவியும் ஸ்பேனரும் தரையில் விழுகிற சத்தம் கேட்டு நான் எழுந்து போனேன். அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, வண்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டாராம். சிறிது நேரத்தில் சித்தப்பாவும் எழுந்து வந்து நிலைப்படியில் நின்றார். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் துணியை எடுடா என்று மட்டும் சொன்னார். சித்தப்பா எடுத்துக் கொடுத்தார். அவர்களுக்குள் சமாதானம் என்று ஒன்று நடந்திருந்தால் அது அவ்வளவுதான்.

அப்பா பெரிய மெக்கானிக் இல்லை. ஆனால் ஸ்டோர் கீப்பருக்கு ஒரு குணம் உண்டு, எது எங்கே குறைகிறது என்று விடாமல் தேடுவார். வண்டியின் எண்ணெய்க் குழாய் எங்கெங்கே இணைகிறதோ அங்கெல்லாம் பழைய வெள்ளை வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றினார். குழாய்க்குள் எண்ணெய் அழுத்தத்திலேயே நிற்கட்டும் என்று லீவரைக் கைப்பிடியோடு சேர்த்து சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டினார். நாளைக்குப் பார்ப்போம் என்று குளிக்கப் போய்விட்டார். மறுநாள் மேலே, லீவருக்குப் பக்கத்தில் இருந்த இணைப்பில் மட்டும் துணி ஈரமாக இருந்தது. கண்ணுக்கே தெரியாத கசிவு. அங்கே இருந்த செம்பு வாஷர் தேய்ந்து, எண்ணெயை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது.

புது வாஷருக்கு எங்கே போவது? ஜஹாஜ் ஆனே தோ. அப்பா அந்தப் பழைய வாஷரை இடுக்கியில் பிடித்து, அம்மாவின் கேஸ் அடுப்பில் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டார். அப்படிச் செய்தால் செம்பு இளகி மறுபடி நன்றாகப் பதியுமாம். பால் காய வேண்டிய அடுப்பு என்று அம்மா முணுமுணுத்தாள், ஆனால் அடுப்பைவிட்டு நகரவில்லை. சித்தப்பாவும் நகரவில்லை. ஒரு மோதிரத்தைவிடச் சின்னதாக இருந்த அந்த வளையத்தை நாங்கள் நாலு பேரும் சுற்றி நின்று பார்த்தோம்.

வாஷர் ஆயிற்று. ஊற்றுவதற்கு எண்ணெய்தான் இல்லை.

அப்போதுதான் அப்பா ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணில் கைவிட்டார். எங்கள் வீட்டுப் பரணைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தீவில் பல வருடம் இருந்தவர்கள் வீட்டில் 'தூக்கிப் போடு' என்ற சொல்லே கிடையாது. கப்பல் வராத வாரங்களைப் பார்த்தவர்களுக்குப் பாதி பெயின்ட் டப்பாவும் சொத்து, கால்வாசி டானிக் பாட்டிலும் சொத்து. திறந்த எதையும் மூடி, மூடியின்மேல் பாலித்தீன் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, அதன்மேல் மெழுகுவத்தியை உருக்கி விட்டு அடைத்துவைப்பார்கள். அப்படி அடைத்துவைப்பதில் அப்பா சூரர். மெயின்லேண்டிலிருந்து வந்த எதுவும் எங்கள் வீட்டில் செத்ததில்லை. அந்தப் பரணிலிருந்து ஒரு பாட்டில் இறங்கியது. முன்பு அப்பாவும் அலுவலக நண்பர் ஒருவரும் கூட்டாக வாங்கி, பிறகு விற்றுவிட்ட ஒரு பழைய ஜீப்புக்காக வாங்கியது. பாதிக்கு மேல் இருந்தது. லேபிள் ஈரத்தில் பூஞ்சை பூத்து உதிர்ந்துபோயிருந்தது. அதற்குப் பதில் ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டி, பிரேக் ஆயில் என்று பேனாவால் எழுதியிருந்தார்.

சித்தப்பா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எப்ப சீல ஒடச்சதுண்ணே?"

"ஒடச்சா என்னடா? ஒரு பொட்டுக் காத்துப் போகாம அடச்சு வச்சுருக்கேன், பாரு" என்றார் அப்பா. அந்தக் குரலில் இருந்த பெருமையை நான் அதற்கு முன்பும் பின்பும் கேட்டதில்லை.

சித்தப்பா அண்ணன் முகத்தைப் பார்த்தார். பிறகு மெழுகைச் சுரண்டித் திறந்தார். சென்னை போய் மாற்றிக்கொள்ளலாம் என்று, அப்பாவுக்குக் கேட்காத குரலில் சொல்லிக்கொண்டார். பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது.

பிடி, விடு, பிடி, விடு. இந்தத் தடவை அப்பா கீழே குந்தித் திருகைத் திருப்பினார், நான் மேலே, சித்தப்பா எண்ணெய் ஊற்றினார். குமிழி குறைந்தது. பிறகு நின்றது. லீவர் என் கையில் இறுக இறுக எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கடைசியில் இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. மத்தியானமும் அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை. சித்தப்பா போகும்போதும் வரும்போதும் லீவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"கல்லு மாதிரி இருக்கு. இனிமே யாரும் இதத் தொடாதீங்க" என்றார்.

பின்னாளில் நான் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது. வேலைக்கு வந்து நான் சொந்தமாக ஸ்கூட்டர் வாங்கிய பிறகு, ஒரு பிரேக் ஆயில் பாட்டிலின் லேபிளைப் படித்தேன். திறந்து நாளான எண்ணெயைப் பயன்படுத்தாதே என்று அதில் போட்டிருந்தது. அந்த எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். ஈரம் குடித்த எண்ணெய் சும்மா நிற்கிற வண்டியில் நன்றாகத்தான் இருக்கும், லீவர் கல் மாதிரிதான் நிற்கும். ரேஸ் ஓட்டும்போது பிரேக் சூடேறினால் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும். அப்புறம் லீவரைப் பிடித்தால் ஒன்றுமே இருக்காது. வருடத்தில் பாதி மழை பெய்கிற ஊரில், சுவரே வியர்க்கிற வீட்டில், மெழுகு என்ன செய்யும்? அப்பாவின் பாட்டில் பரணில் இருந்த காலமெல்லாம் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தது.

ஆனால் அன்றைக்கு நாங்கள் நாலு பேரும் ஹாடோவில் கப்பலடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தோம். வண்டியைக் கயிற்றில் கட்டித் தூக்கும்போது இந்தத் தடவை அப்பா கிரேனுக்குக் கீழேயே நின்று, பத்திரம் பத்திரம், ஆராம்சே, மெதுவா என்று கூலிக்காரர்களை விரட்டினார். தம்பியின் தோளில் கையை வைத்து, போயிட்டு வா, பாத்து ஓட்டு என்றார். சித்தப்பா சட்டென்று குனிந்து அப்பா காலைத் தொட்டார். அப்பா பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் தீபாவளிக்குக்கூட அப்படியெல்லாம் பழக்கமில்லை.

கப்பல் சென்னைக்கு வெளியே இடத்துக்காகக் காத்து நின்று தாமதமாகத்தான் கரை சேர்ந்தது. சித்தப்பா நேரே டிராக்குக்குப் போகத்தான் நேரம் இருந்தது. நேரம் இருந்திருந்தாலும் அவர் எண்ணெயை மாற்றியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான். அத்தனை நாள் பஞ்சாக இருந்தது கல்லாகியிருக்கும்போது, அதை மறுபடி திறக்க யாருக்குத் தைரியம் வரும்?

போட்டியன்று சாயங்காலம் அவருடைய சென்னை நண்பர் அப்பாவுக்குப் போன் செய்தார். நேரான பாதை முடிந்து வளைவில் திரும்ப வேண்டிய இடத்தில் சித்தப்பா திரும்பாமல் நேராகப் போய்த் தடுப்பில் மோதிவிட்டார். உயிருக்கு ஒன்றுமில்லை, வலது கால் மட்டும் நொறுங்கிவிட்டது, ஆபரேஷன் நடக்கிறது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பா அழவில்லை. அவர் போனில் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். பிரேக் பிடிச்சுதா? நண்பர், தெரியலண்ணே, அவன் கண்ணு முழிச்சாத்தான் தெரியும் என்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் இருந்த அப்பா வேறு ஆள். சாப்பாட்டில் கையை வைப்பார், எடுத்துவிடுவார். விமான டிக்கெட்டுக்கு அலைந்தார், மழையில் விமானமும் சரியாக இறங்கவில்லை. நடுக்கூடத்தில் நின்றுகொண்டு இடது கையால் வலது கையைப் பிடித்துப் பிடித்துப் பார்ப்பார், லீவரைப் பிடிக்கிற மாதிரி. நான் தூக்குனேன் அந்தப் பாட்டில, நான் திருகுனேன் அந்தத் திருக என்று ஒருமுறை அம்மாவிடம் சொன்னார். அம்மா அவர் வாயைப் பொத்தினாள். தம்பியைக் கெட்டுப்போனவன் என்று அத்தனை வருடம் ஏசியவர், தானே தன் கையால் அவனை முடமாக்கிவிட்டோமோ என்று நினைத்துச் செத்துக்கொண்டிருந்தார். எனக்கு அதெல்லாம் புரியவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் நினைத்தேன்.

கடைசியில் ஒரு நாள் அம்மாவின் போன் அடித்தது. அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன். சித்தப்பாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. சித்தப்பா என்று கத்திவிட்டேன். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார், ஆனால் கிட்டே வரவில்லை. போனை வாங்கவும் கை நீட்டவில்லை.

"அப்பா பக்கத்துல இருக்காரா?"

இருக்கிறார் என்றேன்.

"பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லும்மா. பிரமாதமாப் பிடிச்சுச்சு. நான்தான் அவசரப்பட்டு லேட்டாப் பிடிச்சேன்னு சொல்லு."

அப்படியே சொன்னேன். வழியில் நின்று பராக்குப் பார்க்காமல், ஒரு எழுத்துக் குறையாமல் சொன்னேன். அப்பா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார். அதானே பாத்தேன் என்றார். அப்புறம் அவருக்குக் குரல் வந்துவிட்டது. மடப்பய, அவசரக்குடுக்கை, சொன்னாக் கேக்குறானா என்று திட்ட ஆரம்பித்தார். அம்மா ஈரத்தலையோடு ஓடிவந்தபோது அவளிடம் டீ கேட்டார்.

அந்தச் சென்னை நண்பரைப் பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். அவராகத்தான் சொன்னார். தடுப்படியில் கிடந்த சித்தப்பாவைத் தூக்கப் போனபோது, அவர் தன் காலைக்கூடப் பார்க்கவில்லையாம். பக்கத்தில் கிடந்த வண்டிக்குக் கையை நீட்டி லீவரைப் பிடித்துப் பார்த்தாராம். அது சத்தமே இல்லாமல் கைப்பிடி வரைக்கும் போனதாம். யார்கிட்டயும் சொல்லாதடா என்று ஆம்புலன்சில் நண்பர் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் வாங்கினாராம். இதை நான் இன்றுவரை அப்பாவிடம் சொல்லவில்லை.

சித்தப்பா அந்த வருடக் கடைசியில்தான் தீவுக்குத் திரும்பினார். வண்டி திரும்பவில்லை. வலது கால் மடங்காது, கட்டையை ஊன்றி நடந்தார். சாரத்தில் ஏற முடியாதவரைக் காண்ட்ராக்டர் வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் கூடத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் அப்பா முதலிலிருந்து ஆரம்பிப்பார், ஈரத்துணியைப் பற்றி, வாஷரைப் பற்றி, கல் மாதிரி நின்ற லீவரைப் பற்றி. என் கையாலே சரிபண்ணிக் கொடுத்த பிரேக், இவன் புடிக்க வேண்டிய எடத்துல புடிக்கல என்று முடிப்பார். சித்தப்பா, ஆமாண்ணே, என் தப்புதான் என்பார். ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் மானம் போயிற்று. ரேஸ்காரச் சித்தப்பா என்று அத்தனை நாள் பீற்றிக்கொண்டதற்குக் கைம்மாறாக எல்லோரும் நொண்டிச் சித்தப்பா என்றார்கள். ஒரு நாள் அழுதுகொண்டே வந்து பையை எறிந்துவிட்டு, அப்பாவும் அம்மாவும் இருக்கும்போதே அவர் முன்னால் நின்று கத்தினேன்.

"அப்பா எவ்வளவு நல்லா பிரேக் போட்டுக் குடுத்தார். ஒங்களுக்கு ஓட்டத் தெரியல!"

அம்மா என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். சித்தப்பா அவளைத் தடுத்தார். அப்பாவின் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு என் தலையில் கையை வைத்து, "ஆமாம்மா, எனக்கு ஓட்டத் தெரியல" என்று, ஏதோ நான் அவருக்கு நல்ல செய்தி கொண்டுவந்த மாதிரி முகம் மலரச் சொன்னார். இந்த மனுஷனுக்குக் கொஞ்சம்கூட ரோஷமே இல்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது.